ஊராட்சித் தலைவர் சரியில்லை என்றால் ஊர் மக்களே சேர்ந்து அவரைப் பாதியில் இறக்க முடியுமா?

தமிழ்நாட்டில் நேரடியாக முடியாது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரை இறக்க மக்களே ஓட்டுப் போடலாம். காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி என்று இரண்டே சின்னம். நமக்கு இருப்பது 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு மட்டும்தான். வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களில் இருவர் நேரில் போய்க் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னும் தலைவர் இருக்கிறார் என்றால், 2021-ல் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்றாக இருக்கும். எங்கள் பக்கம் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார்.

2020-ல் நான் வார்டு உறுப்பினர். ஒரே போர் மோட்டாரை எட்டு மாதத்தில் நான்கு முறை கழற்றிப் பழுது பார்த்ததாகச் செலவு எழுதியிருந்தார்கள். அந்த போர் என் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. கழற்றியது ஒரே தடவை. அன்றைக்குக் குழாயைப் பிடித்துத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், உள்ளங்கையில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

சாதிக் காழ்ப்பு, தேர்தல் பகை என்று யாராவது சொல்வீர்கள். தலைவர் எனக்குப் பங்காளி முறை. 2019 டிசம்பரில் அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவன் நான்.

ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது வார்டு அக்கா எழுத்துக்கூட்டித்தான் போடுவார். "தம்பி, போட்டுட்டா அப்புறம் பின்வாங்கக் கூடாது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் போக இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஏழரைக்கு வந்த டவுன் பஸ்ஸை கொரோனாவோடு நிறுத்தியவர்கள் திரும்ப விடவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றைக்கும் மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். எத்தனை மனு கொடுத்தோம்! எங்கள் ஊரில் எனக்கு உண்மையான ஆத்திரம் அதில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலைவருக்கு நோட்டீஸ் போனது. அவர் கொடுத்த விளக்கம் கலெக்டருக்குத் திருப்தியாக இல்லாததால் தாசில்தார் வந்து உறுப்பினர்களின் கூட்டம் போட்டார். ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டபோது, கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் நான்கு பேர் தலைவர் மேல் புகார் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். அக்கா எழுந்து நின்று, "நான் போட்ட கையெழுத்துதான், மாத்த மாட்டேன்" என்றார். அவர் கை நடுங்கியது. அவருடைய வீட்டுக்காரர் வாசலில் நின்று வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தலைவர் பதவி போகவில்லை. ஆனால் 203-வது பிரிவில், செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைச் சில மாதம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றினார்கள். அந்த மாதங்களில் மோட்டார் செலவு ஒன்றுகூட எழுதப்படவில்லை. அதனால் எங்கள் முயற்சி வீண் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் பில் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் முதலிலேயே வாங்கிவிடுங்கள். கையெழுத்து வாங்குவது சுலபம். தாசில்தார் கூட்டம் வரைக்கும் தினமும் அந்த உறுப்பினர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நான் மனு கொடுத்த கையோடு வயல் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.