மணிக்கு 400 பெட்டி: விற்பவர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் வாகன உதிரிபாகக் கிடங்கு வைத்திருக்கிறோம். மணிக்கு 400 பெட்டி எடுத்துத் தரும் ரோபோ அமைப்பை விற்க வந்திருக்கிறார்கள். எங்கள் தேவை 360தான். சிமுலேஷனுக்கு, அதாவது கிடங்கைக் கணினியில் மாடலாக அமைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு, வேறு தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

பதில்: செய்யுங்கள். அந்த 360 சராசரிதானே? காலையில் பட்டறைகள் திறந்ததும் ஆர்டர் குவியும். பினாங்குத் தீவுக்குப் போகும் லோரி பாலத்து நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று பிற்பகலில் இன்னொரு அவசரம். நடுவில் ஈ ஓட்டுவீர்கள்.

400க்கு 360 என்றால் 90 விழுக்காடு. ஆர்டர் வருவதும் வேலை முடிவதும் சீரில்லாத, பெட்டியிலிருந்து பொருளை எடுக்கும் ஒரே ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். எளிய வரிசைக் கணக்குப்படி, 80 விழுக்காட்டுச் சுமையில் அங்கே சராசரியாக 4 பெட்டி இருக்கும். 90இல் 9, 95இல் 19! உங்கள் அமைப்பில் லிப்ட், கன்வேயர், ரோபோ எல்லாம் ஒன்றையொன்று காக்க வைக்கும். அதைக் கையால் கணக்குப் போட முடியாது.

சிமுலேஷன் செய்பவர்களிடம் ஓராண்டு ஆர்டர் பதிவை, நிமிட நேரத்தோடு, அப்படியே கொடுங்கள். பெருநாளுக்கு முந்தைய வாரங்களும் அதில் இருக்கட்டும். மாதச் சராசரியைக் கொடுத்தால் பணம் தண்டம்.

மாடல் தயாரானதும் ரோபோவுக்குப் போகாதீர்கள். முதலில் இப்போதுள்ள கிடங்கையே, ஆட்கள் தள்ளுவண்டியோடு நடப்பதையே, ஓட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு மோசமான நாளைக் கொடுங்கள். அன்று கடைசி லோரி ஏழரைக்குப் போயிருக்க, மாடல் ஆறு மணிக்கே அனுப்பிவிட்டால் எதையோ விட்டிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மாடலில் லேபிள் ரோல் மாற்றும் நேரமே கிடையாது.

அப்புறம் கெடுத்துப் பாருங்கள். ஒரு லிப்டை 20 நிமிடம் நிறுத்துங்கள். பெட்டியிலிருந்து பொருளை எடுப்பவர் ஒருவர் வரவில்லை என்று வையுங்கள். பல நேரம் ரோபோ சும்மா நிற்கும், மேசை முன்னால்தான் பெட்டி தேங்கும். அப்படியானால் நீங்கள் வாங்க வேண்டியது கூடுதல் மேசை. இதை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். ஒரு தடவை ஓட்டி முடிவு கட்டுவது லாட்டரி. வேலை நேரம், பழுது போன்றவற்றை மாடலில் ஏறி இறங்க வைக்கும் தற்செயல் எண்களை மாற்றிப் பத்துத் தடவையாவது ஓட்டி, மோசமான விடையையும் கேட்டு வாங்குங்கள்.

சரி, வாங்குவது என்று முடிவானால், கட்டுப்பாட்டு மென்பொருளை நிஜ இயந்திரத்தில் ஏற்றும் முன் இதே மாடலோடு இணைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பிழை இருந்தால் பெட்டிகள் திரையில் மோதிக்கொள்ளட்டும்.