வெண்ணெய் வாசம் வர்ற ஒயிட் ஒயின் எது?

கேள்வி: ஒரு பார்ட்டில ஷார்டனே குடிச்சேன், வழுவழுன்னு வெண்ணெய் வாசத்தோட சூப்பரா இருந்துச்சு. அப்புறம் ஷார்டனேன்னே போட்ட இன்னொரு பாட்டில் வாங்குனா ஒரே புளிப்பு, வாசமே இல்ல. எது உண்மையான ஷார்டனே? உள்ள வெண்ணெய் ஏதும் சேக்குறாங்களா?

பதில்: ரெண்டுமே உண்மையானதுதாங்க. ஷார்டனேங்கறது திராட்சையோட பேரு, அவ்ளோதான். அதுக்குன்னு பெருசா வாசம் கிடையாது, செய்றவர் எப்படி வளைக்கிறாரோ அப்படி வளையும். பிரான்ஸ்ல ஷாப்ளி பக்கம் குளிரு ஜாஸ்தி, பெரும்பாலும் ஸ்டீல் டேங்க்லதான் வைப்பாங்க, அதான் சுள்ளுன்னு இருக்கும், ஷாப்ளி இருக்குற அதே பர்கண்டி ஏரியால தெக்கால மெர்சோங்கற ஊருக்கு போனா ஓக் மரப் பீப்பா, ஆளே மாறிடும்.

வெண்ணெய் யாரும் சேக்கறதில்ல, பயப்படாதீங்க. திராட்சையில மாலிக் ஆசிட் இருக்கும், பச்சை ஆப்பிளை கடிச்சா பல்லு கூசுமே அதே ஆசிட், அதை ஒரு பாக்டீரியா சாஃப்டான லாக்டிக் ஆசிடா மாத்துது, அப்ப கூடவே டைஅசிட்டைல்னு ஒண்ணு உருவாகுது பாருங்க, நீங்க மோந்த வெண்ணெய் வாசம் அதான். இதுக்கு மாலோலாக்டிக்னு பேரு. ஆனா வெனிலா வாசம் வந்தா அது புது ஓக் பீப்பாவோட வேலை. வாய் நிறையுற அந்த கெட்டித்தனம், அடியில தங்குற ஈஸ்ட்டை அப்பப்ப கலக்கி விட்டு ஊற வெக்கிறதால வரும், வெயில் ஊர்ல நல்லா பழுத்த திராட்சைன்னாலும் வரும்.

இதுல உங்களுக்கு எது புடிச்சுதுன்னு முதல்ல யோசிங்க. வெண்ணெய்தான்னா பாட்டில் பின்னாடி மாலோலாக்டிக், க்ரீமி, பட்டரி இப்படி ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க, கலிஃபோர்னியா ஷார்டனேல நிறைய கிடைக்கும், சிலது ஓவரா போய் பாப்கார்ன் வாசமே அடிக்கும்ங்கறது வேற விஷயம். அன்ஓக்ட்னு, அதாவது ஓக் பீப்பால வெக்காததுன்னு இருந்தா பெரும்பாலும் வெண்ணெய் வாசம் இருக்காது, வெச்சிட்டு வந்துருங்க. கெட்டியா இருந்தா போதும், மரவாசம் வேணாம்னா வியோனியேன்னு வேற ஒரு திராட்சைல செய்ற ஒயிட் ஒயினை ட்ரை பண்ணலாம், பீச் பழ வாசம் தூக்கும், புளிப்பும் கம்மி.

இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஊத்தாதீங்க, ரொம்ப ஜில்லுன்னு இருந்தா வாசம் அமுங்கிடும் புளிப்பு மட்டும் தூக்கலா தெரியும், கொஞ்ச நேரம் வெளிய வெச்சு 12 டிகிரி கிட்ட வந்ததும் குடிங்க. அந்த ரெண்டாவது பாட்டில்ல மிச்சம் இருந்தா அதையும் இப்படி ஒருவாட்டி குடிச்சு பாருங்க, வெண்ணெய் வராது, ஆனா திட்டுன அளவுக்கு மோசமா இருக்காது.