கண்ணுல இரும்புப் பொறி பட்டுடுச்சு, காலைல வரைக்கும் பொறுக்கலாமா?

கிரைண்டிங் பண்றப்ப கண்ணுல பொறி பட்டு ஒரே உறுத்தல், விடிஞ்சதும் பாத்துக்கலாமானு கேட்டிருக்கீங்க. வேணாங்க, இப்பவே கிளம்புங்க. இரும்புத் துகள் கருவிழில ஒட்டிக்கிட்டா சில மணி நேரத்துலயே சுத்தி துரு வளையம் கட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் துகளை எடுத்தாலும் துருவைத் தனியா சுரண்டணும். கசக்காதீங்க, பட்ஸால நோண்டவும் விடாதீங்க (எல்லா வீட்லயும் இதுக்குன்னே ஒரு எக்ஸ்பர்ட் இருப்பாரு). டாக்டர் ஆரஞ்சு கலர் சாயம் போட்டு நீல லைட்ல பாப்பாரு, கீறல் இருந்தா பச்சையா மின்னும். பார்வை மங்குனாலோ கண்மணி கோணலா தெரிஞ்சாலோ துகள் உள்ளயே குத்தியிருக்கலாம், அப்ப கழுவக்கூட வேணாம், ஒரு பேப்பர் கப்பை கண்ணுல அழுத்தாம மேல கவுத்து ஒட்டிட்டு நேரா எமர்ஜென்சிதான். ஆசிட், சுண்ணாம்பு பட்டா மட்டும் கதை தலைகீழ், முதல்ல 20 நிமிஷம் தண்ணி விட்டுக் கழுவிட்டுத்தான் கிளம்பணும்.