தூங்கும்போது கிளம்பாதீர்கள்

வணக்கம். எனக்கு ஷார்ஜாவில் வேலை. ஊர் கடையநல்லூர் பக்கம். போன வருடம் மனைவிக்கும் இங்கே வேலை கிடைத்தது. 12 வயது மகன் என் மாமியாரிடம் இருக்கிறான். அவர் பீடி சுற்றுகிறார். அழுவான் என்று, அவன் தூங்கும்போதே மனைவி கார் ஏறிவிட்டாள். இப்போது போனில் ‘ம்’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. தெருப் பையன்களோடு விளையாடப் போவதில்லை, ஆச்சியையே சுற்றுகிறான். அவர் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாரோ? பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்க்கலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஹாஸ்டல் இப்போது வேண்டாம். ஆச்சியைக் குறை சொல்வதையும் விடுங்கள். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேரனை வளர்ப்பவர் அவர்.

பலநாளாக எழுத நினைத்திருந்த விஷயம் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறது: ‘தூங்கும்போதே கார் ஏறிவிட்டாள்.’ தென்காசி, கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கமெல்லாம் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் விமானம் பிடிக்க நடுச்சாமத்தில் கார் வரும். சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்குவார்கள். விடிந்ததும் பிள்ளை கேட்டால் ‘கடைக்குப் போயிருக்கா’ என்பார்கள். இதனால் அவன் அழாமல் இருந்தானா? அழுதான், பார்க்க நீங்கள் இருவரும் அங்கே இல்லை.

கண்ணசந்தால் ஆள் போய்விடும் என்று அன்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதனால் மிச்சமிருக்கும் ஒரே ஆளுக்குக் காவல் இருக்கிறான். ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்: பீடிக் கடைக்குக் கிளம்பினால் ‘எப்ப வருவ?’ என்று வாசல்வரை வருகிறானா? ராத்திரி முழித்துப் பார்க்கிறானா? ஆம் என்றால் அவன் ஏன் விளையாடப் போவதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இந்தப் பையனை ஹாஸ்டலில் விட்டால், ஆச்சியும் போய்விட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

முதல் வேலை அவன் அம்மாவுக்கு. ‘எய்யா, அன்னைக்கு உங்கிட்ட சொல்லாம வந்தது தப்பு. இனிமே சொல்லாமப் போக மாட்டேன்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ‘உனக்காகத்தானே கஷ்டப்படுறோம்’ என்று ஒட்டுப் போட்டால் எல்லாம் பாழ். கேட்ட மன்னிப்பு அவன் தலையில் கடனாக ஏறிவிடும். கோபப்பட்டுப் போனை வைத்தால் வைக்கட்டும். அடுத்த முறையும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.

நேரம் முக்கியம். வேலை முடிந்து அறைக்கு வந்து நீங்கள் 8 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 9.30, பையனுக்குக் கண் சொக்கும். அங்கே காலை 5.30 என்றால் இங்கே 7. பள்ளிக்குக் கிளம்பும் முன் பேசலாம். வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். தவறக்கூடாது. மார்க் பேச்சை எடுக்காதீர்கள். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பதால் பலரும் ஆச்சி போனில் ‘போட்டிம்’ (BOTIM) என்ற ஆப்பைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அண்டைவீடும் கேட்கப் பேசுகிறார்கள். தெருவே கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பையன் அம்மாவிடம் வாய் திறப்பான்? ஸ்பீக்கரை அணைத்து, போனை அவன் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆச்சியும் வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறுக்கு வந்துவிட வேண்டும். நாலு வாரம் இது பிசகாமல் நடக்கட்டும். அதற்குள் மைதானத்துக்கு விரட்டாதீர்கள். தெருவில் ஒரு பையனை மட்டும் வீட்டுக்கு வரவழையுங்கள், கேரம் போதும். சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போனாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்; கட்டணம் கிடையாது.

அடுத்த லீவில் வந்த முதல் வாரமே திரும்பிப் போகும் தேதியைச் சொல்லி, அதை அவனையே காலண்டரில் வட்டம் போட வையுங்கள். அவன் கண்முன்னால் பெட்டி கட்டுங்கள். கார் ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் எழுப்புங்கள். முடிந்தால் விமான நிலையம்வரை கூட்டிப்போங்கள். அழுதால் அவன் அம்மா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். உறுதியாகத் தெரியாமல் ‘பொங்கலுக்கு வந்துடுவேன்’ என்று சொல்லாதீர்கள். போய் இறங்கியதும் முதல் போன் அவனுக்கு. கம்பெனிக்கும் கூட்டாளிகளுக்கும் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.