கொப்புளத்துக்குக் காரணம் ஸ்பிரே கேன் அல்ல

கேள்வி: காரின் பானட் ஓரத்தில் துருப்பிடித்த இடத்தைத் தேய்த்துவிட்டு, வீட்டிலேயே ஸ்பிரே கேனால் பிரைமரும் (அடிப்பூச்சு) கலரும் அடித்தேன். 2 மாதத்துக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. 'பெயிண்ட் மட்டம், துருவின் மேலேயே அடிக்கக்கூடிய உயர்ந்த ரகம் இருக்கிறது' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் கொப்பளித்தால் கோளாறு பெரும்பாலும் பெயிண்டில் இருக்காது, அதன் அடியில்தான் இருக்கும். ஒரு கொப்புளத்தை பிளேடு நுனியால் கீறித் தோலை உரித்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் துரு மிச்சமிருக்கிறது. தகடு சுத்தமாக இருந்து பெயிண்ட் மட்டும் தாள் மாதிரி உரிந்தால், எண்ணெய்ப் பசையின் மேல் அடித்திருக்கிறீர்கள். பிரைமர் தகட்டோடு நிற்க, கலர் மட்டும் கழன்றால் பிரைமரைச் சரியாகத் தேய்க்கவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை என்றுதான் தோன்றுகிறது.

துரு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை, நல்ல பெயிண்டின் அடியிலும் ஊர்ந்திருக்கும். அதனால் சுற்றிலும் பளபளக்கும் இரும்பு தெரிகிறவரை பெயிண்டை எடுங்கள். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, அப்புறம் 320. தகட்டில் குண்டூசித் தலை அளவில் கறுப்புக் குழிகள் தெரியும். பலரும் அதைக் கறை என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் துரு. கம்பிப் பிரஷ்ஷால் குழிக்குள்ளும் சுரண்டி எடுங்கள். பிறகு எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் வேறு துணியால் ஒற்றியெடுங்கள். அதன்பின் வெறும் விரல் படக் கூடாது. அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று: பிரைமர்தான் அடித்தாயிற்றே என்று அப்படியே வண்டியை ஓட்டுகிறவர்கள் உண்டு. கேனில் வரும் சாதாரணப் பிரைமர் ஈரத்தைக் குடிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நன்றாக உலரவிட்ட பிறகே கலர். கலரை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று தடவை, இடையில் 10 நிமிடம் விட்டு அடியுங்கள்.

'துருவின் மேலேயே அடிக்கலாம்' என்ற கேனுக்கு வருகிறேன். லேசான மேல்துருவுக்கு அது ஓரளவு உதவும். செதில் செதிலாக உதிரும் துருவுக்கு உதவாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விற்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதனால்தான். இதைவிட மோசம், விற்பனைக்கு முன் 'ஒரே நாளில் புதுசாக்கித் தருகிறேன்' என்று வரும் இடைத்தரகர்கள். துரு தின்ற ஓட்டையைப் பட்டியால் (பள்ளம் நிரப்பப் பூசும் கலவை) அடைத்து மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பட்டி பின்பக்கத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓட்டை உள்ளுக்குள் வளரும். பழைய கார் வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் அது பிடிக்காது.

காந்தம் இன்னொரு விஷயத்துக்கும் உதவும். உங்கள் பானட் துருப்பிடித்ததால் அது இரும்புதான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்து வேறு பாகத்தில் கைவைப்பீர்கள். காந்தம் ஒட்டாத உலோகம் என்றால் பெரும்பாலும் அலுமினியம். அதில் சாதாரணப் பிரைமர் சரியாகப் பிடிக்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பிலும் அப்படித்தான், ஆனால் அதில் காந்தம் ஒட்டும், எனவே காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. எட்ச் பிரைமரை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக அடித்து, மேலே சாதாரணப் பிரைமர் அடியுங்கள். எட்ச் பிரைமர் மேல் நேரடியாகப் பட்டி போடாதீர்கள்.

கடைசியாக, கலரின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட். அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, பூச்சையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலக்கும் டூ-கே கேனை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசமோ தூசு மாஸ்க்கோ அதைத் தடுக்காது. பட்டறைகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி போட்டுத்தான் அடிக்க வேண்டும். அதே பொருளைக் கடையில் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எச்சரிக்கையோ கேனின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் கிடக்கிறது! உங்கள் பானட் ஓரத்துக்குச் சாதாரணக் கிளியர் கோட்டே போதும். அதையும் திறந்த வெளியில், கரி வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டு, பக்கத்தில் அடுப்போ தீயோ இல்லாமல் அடியுங்கள்.