தொட்டிக்குள் ஜனாதிபதி, சபைக்குள் ஓவியர்

கேள்வி: இந்தியக் கேலிச்சித்திரக்காரர் அபு ஆபிரகாமை, இந்தியாவின் 1975–77 நெருக்கடி நிலையை எதிர்த்த வீரர் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இந்திரா காந்தியின் ஆட்சியில் நியமன ஆசனம் பெற்றுக்கொண்டு, அதை விடாமலே, ஆசனம் தந்த ஜனாதிபதியைக் குளியல் தொட்டியில் கிடத்தி வரைந்தவர் அவர். தொகுதியில் வெல்லாமல் கட்சி நியமனத்தால் பாராளுமன்றம் போகும் நம் இலங்கையின் தேசியப் பட்டியல்காரர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் உங்கள் கேள்வியில் உள்ள பிழையைத் திருத்திவிடுகிறேன். 1972இல் அபு இந்தியப் பாராளுமன்றத்தின் மேலவையான மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோது இந்திய ஜனாதிபதியாக இருந்தவர் வி. வி. கிரி, தொட்டியில் கிடப்பவர் 1974இல் பதவிக்கு வந்த பக்ருதீன் அலி அகமது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தார் என்று சொல்ல வந்த நீங்கள் வீட்டையே மாற்றிவிட்டீர்கள். 'வீரர்' என்ற சொல்லும் உங்களுடையதுதான். கூர்மையானவர் என்றே நாம் எழுதியிருந்தோம்.

ஆனாலும், அந்த நியமனங்களை ஜனாதிபதி அரசாங்கத்தின் ஆலோசனைப்படியே செய்கிறார் என்பதால், உங்கள் குறையில் பாதி நிற்கிறது. அபு அந்த ஆசனத்தை ஏற்காதிருந்தால் எமக்கு அவரை இன்னும் பிடித்திருக்கும். கேலிச்சித்திரக்காரருக்கு உரிய இடம் பார்வையாளர் மாடம். அங்கிருந்து இறங்கி உள்ளே போய் அமர்ந்தவருடைய பேனாவை வாசகர் ஒன்றுக்கு இரண்டு முறை உற்றுப் பார்ப்பது நியாயமே. உற்றுத்தான் பாருங்களேன்.

படம் இந்தியன் எக்ஸ்பிரஸில் வெளிவந்தது 1975 டிசம்பர் 10இல். அதற்கு இரண்டு நாள் முன்னர், டிசம்பர் 8ஆம் திகதி, பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கும் மூன்று அவசரச் சட்டங்களில் ஜனாதிபதி ஒப்பமிட்டிருந்தார். (நாம் இங்கே கட்டளைச் சட்டம் என்று சொல்லும் பழைய பிரித்தானியர் காலத்துச் சட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பாராளுமன்றம் கூடாத வேளையில் ஜனாதிபதி பிறப்பிப்பது.) ஆட்சேபத்துக்குரியவை என்று அரசு கருதும் எழுத்துகளைத் தடுப்பது ஒன்று, பத்திரிகைப் பேரவையை ஒழிப்பது மற்றொன்று, பாராளுமன்றத்தில் பேசப்பட்டதை அச்சிடுவதற்குப் பத்திரிகைகளுக்கு இருந்த பாதுகாப்பைப் பறிப்பது மூன்றாவது. அந்தப் பாதுகாப்பை 1956இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து சட்டமாக்கியவர் இந்திராவின் கணவர் பெரோஸ் காந்தி என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, தொட்டியில் கிடந்தபடியே, ஒப்பமிட்ட காகிதத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டி, 'இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்' என்கிற அந்த மனிதரைப் பாருங்கள். அவசரச் சட்டம் ஓரங்கட்டுவது பாராளுமன்றத்தை. அந்தப் பாராளுமன்றத்தின் ஓர் அவையிலேயே, இன்னும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு பதவிக்காலம் மிச்சமிருக்க, அபு உட்கார்ந்திருந்தார். தம்மை நியமித்தவர்களின் புகழைப் பாடுவதற்கு அந்த ஆசனம் போதுமாயிருந்திருக்கும். அவரோ, தாம் அமர்ந்திருக்கும் சபை வெறும் அலங்காரமாகிவிட்டதைத் அதைக் கூட்டாமலே சட்டம் பிறப்பிக்கும் ஒருவரின் குளியலறையில் வைத்துக் காட்டினார். தணிக்கை நடைமுறையில் இருந்த நாட்களிலேயே அது அச்சேறிவிட்டது. தணிக்கையாளர்கள் அதில் தொட்டியை மட்டுந்தான் கண்டார்கள் போலும்.

அவர் எங்கே பழகி வந்தவர் என்பதும் இதற்குத் தொடர்புடையதே. கேரளத்தில் 1924இல் பிறந்து, பம்பாயில் நிருபராகத் தொடங்கி, டில்லியில் கேலிச்சித்திர இதழான சங்கர்ஸ் வீக்லியில் வரைந்து, பின்னர் இலண்டன் சென்றவர். சூயஸ் நெருக்கடி நடந்த 1956இல் அவரை அப்சர்வர் பத்திரிகைக்கு எடுத்த ஆசிரியர் டேவிட் ஆஸ்டர், யூதப் பெயர்போல் ஒலிக்கும் ஆபிரகாம் என்ற பெயர் படங்களுக்கு இல்லாத சாய்வைக் கற்பித்துவிடும் என்று கருதியதாலேயே அவர் 'அபு' ஆனார். கையெழுத்தில்கூடச் சாய்வு தெரியக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் பத்து ஆண்டுகள், பிறகு கார்டியனில் மூன்று ஆண்டுகள். 1969இல் நாடு திரும்பியவரிடம் ஆசனத்துக்கு ஆசைப்படும் பலவீனம் இருந்திருக்கலாம். கையில் அது இறங்கவில்லை. அவர் பயின்ற சங்கர்ஸ் வீக்லி 1975 ஆகஸ்டிலேயே தன்னை மூடிக்கொண்டது. கௌரவமான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் வரைவதற்கு ஒருவர் மிஞ்சியிருக்க வேண்டியிருந்தது.

தேசியப் பட்டியலுக்கு வருவோம். இந்தியாவில் கலை, இலக்கியம், அறிவியல், சமூகசேவை ஆகியவற்றுக்காக நியமிக்கப்படுவோர் பன்னிருவர். இங்கே 29 ஆசனங்களும் கட்சிகளுக்குப் பங்கிடப்படுகின்றன. தம்மை அனுப்பிய தலைமையை, ஆசனத்தில் இருந்தபடியே, அபுவைப் போல ஒருமுறையாவது தொட்டியில் கிடத்திய எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் பெயரோடு எழுதியனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அவருக்கே விட்டுத்தருகிறேன்.