இறந்த குதிரையின் வால்முடியில் பூஞ்சை

இறந்துபோன உங்கள் பெண்குதிரையின் நினைவாக பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த வால்முடியில் ஏதோ வெள்ளையாகப் படிந்திருக்கிறது, எறிந்துவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். எறிய வேண்டாம், மீட்டுவிடலாம். இன்றைக்கே அந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து வெளியே எடுங்கள்.

உங்கள் குதிரையின் வால்முடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சைதான். முடியின் எண்ணெய்ப்பசையோடு கொடைக்கானல் ஈரமும் கவருக்குள் அடைபட்டிருக்கும்.

ஆனால் அவள் இறந்தது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் முடியைத் தொடவே வேண்டாம். அந்தக் கிருமி முடியில் வெகுகாலம் தங்கும். கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

அந்தச் சந்தேகம் இல்லையென்றால், முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெள்ளைத்தாள் மேல் உதறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்து ஈரவாடை அடித்தால் பூஞ்சை. அறுபட்ட முடியும் மணல் போன்ற துகளும் விழுந்தால் பூச்சி. பூச்சி என்றால் முடியைக் கவரில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

அவளுடைய வாசனை போய்விடுமே என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் நன்றாகவே புரிகிறது. பூஞ்சை தொடாத சிறு கற்றை ஒன்றைக் கழுவாமல் காகித உறையில் தனியே வையுங்கள். வெயிலில் நுனி செம்பட்டையான கற்றையாகப் பார்த்து எடுங்கள். ஏரியைச் சுற்றி அவள் நடந்த வருஷங்கள் அதில் தெரியும்.

மீதியை, வெட்டிய முனையை நூலால் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு போட்டு அலசுங்கள். பனிமூட்டம் இல்லாத நாளில் நிழலில் தொங்கவிடுங்கள். கட்டின இடம் கடைசியாகத்தான் காயும், அதுவரை பின்னாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். லாடத்தை அதோடு சேர்த்து வைக்காதீர்கள், துருக்கறை ஏறும்.